மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம்

எந்தச் சிக்கலையும் பேசியே அவிழ்த்துவிடலாம் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு. வெளிநாட்டுத் தூதரக வேலைக்கு அதுதான் முதல். அந்த நம்பிக்கை ஒரே ஒரு மத்தியான விருந்தில்தான் ஆட்டம் கண்டது.

அறுபதுகளின் தொடக்கம். நான் வேலைக்குப் போகவிருந்த நாட்டின் தூதர், கொடைக்கானலிலிருந்து திரும்பும் வழியில் மனைவியோடு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதாகச் சொல்லியனுப்பினார். ரெட்டியார்சத்திரத்துக்கு அந்தப் பக்கம் வீடு. ஜமீன் ஒழிந்து முன்கட்டை வெங்காய மூட்டைகளுக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். ஆனாலும் ஊருக்கு அது அரண்மனைதான். மூட்டைகளை அப்புறப்படுத்தி வெள்ளையடித்தேன். சீரகச் சம்பா பிரியாணிக்குத் திண்டுக்கல்லிலிருந்து ஒரு பாய் வந்தார். தொட்டுக்கொள்ள வெஞ்சனமும் பாயசமும் அம்மாவின் பொறுப்பு.

அம்மாவை வெளியார் பார்த்ததில்லை. எங்கள் குடும்பத்துப் பெண்களுக்குக் கோஷா. அந்நிய ஆண் தலை தெரிந்தால் மூங்கில் தட்டிக்குப் பின்னால் போய்விடுவார்கள். அப்பா காலமான பிறகும் அம்மா அதை மாற்றவில்லை.

சாப்பிட்டு முடித்த தூதர், வீட்டு அம்மாளுக்கு நேரில் நன்றி சொல்லாமல் எங்கள் நாட்டில் யாரும் கிளம்பமாட்டோம் என்றார். அம்மாவை அழைத்தால் அவர் மானம் போகும். மறுத்தால் அந்த நாட்டில் கால் வைக்கும் முன்பே என் பெயர் கெடும். அம்மாவுக்குக் காய்ச்சல் என்று சரளமாக அளந்துவிட்டேன்.

தட்டி ஆண்களுக்குத்தான் தடை என்பது என் புத்திக்கு எட்டவில்லை. காய்ச்சல் என்றதும் தூதரின் மனைவி பதறி எழுந்து உள்ளே போய்விட்டார். அம்மாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். சிரிப்புச் சத்தம் கேட்டது. அடுத்த நிமிடம் அம்மாவைக் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தார்.

அம்மா தூதரைப் பார்த்து நிதானமாகக் கும்பிட்டார். அவருக்கு இன்னும் கொஞ்சம் பாயசம் ஊற்றச் சொல்லி என்னைப் பார்த்தார். காய்ச்சலைப் பற்றி யாரும் பேசவில்லை.

கார் கிளம்பிய பிறகு, கூச்சமில்லாமல் எப்படி வந்தீர்கள் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"அந்தம்மா கூப்பிட்டாங்க, வந்தேன். நீங்கள்லாம் நான் வரமாட்டேன்னுதான சொல்லிக்கிட்டிருந்தீங்க? ஒருத்தராச்சும் கூப்பிட்டுப் பாத்தீங்களா, அப்பு?"

எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் வெங்காய மூட்டைகள் திரும்பி வந்தன. அடியில் ஈரம் ஏறாமல் விரிக்க ஏதாவது வேண்டும் என்றார்கள் வியாபாரிகள். அந்தத் தட்டியை அவிழ்த்துக் கொடுத்தேன்.