காடி பக்கம் வா

மும்பை தாராவியில் மீனவர்கள் குடியிருக்கும் கோலிவாடாவுக்குள் நுழையும் முன்பே, வாயோடு வாய் கோத்துக் கயிற்றில் தொங்கவிட்ட பொம்பில் கருவாட்டின் வாடை மூக்கில் ஏறும். நீர் வற்றும் நேரத்தில் மட்டும் அதற்குக் கீழே, உப்பும் சாக்கடையும் கலந்த இன்னொரு வாடை இருக்கும். அந்த இரண்டாவது வாடைதான் மித்தி ஆறு. அது கடலைத் தொடப் போகும் உப்பங்கழிக்கு இங்குள்ளவர்கள் சொல்லும் பெயர் எங்கள் திருநெல்வேலி வாயில் "காடி" ஆகியிருந்தது.

பத்து வயதில் அந்த இடத்தை எனக்குக் காட்டியவள் எதிர்வீட்டு சபீனா. தமிழ்ப் பள்ளியில் ஒரே பெஞ்ச். லீவு நாட்களில் கோலிவாடாவின் பழைய கல் சிலுவையையும் காரை உதிர்ந்த மர மாடி வீடுகளையும் கடந்து, கவிழ்த்துப் போட்ட படகுகள் வரை நடந்து, தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்புவோம். அவர்கள் சீத்தா கேம்ப்புக்கு வீடு மாறப்போவதை அவள் சொல்லாமல் வேறொருத்தி சொல்லிக் கேட்டதால், நான் "கட்டி" விட்டேன். அதாவது பேச்சை நிறுத்தினேன். ஐந்தாம் நாள் கதவிடுக்கில் ஒரு சீட்டு கிடந்தது. தெருவில் மற்றப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராது என்பதால் எங்கள் ரகசியமெல்லாம் தமிழில்தான்.

"நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு காடி பக்கம் வா. வரலேன்னா ஜென்மத்துக்கும் கட்டி."

ஏழரைக்கே கிளம்பினேன். இரண்டு பேராக நடந்தபோது கண்ணில் படாத நாய்கள் எல்லாம் அன்று எழுந்து பார்த்தன. மீன் கூடை கழுவிக்கொண்டிருந்த கோலிப் பெண் ஒருத்தி, "ஏ மதராசி, அகேலி கிதர்?" என்று, தனியாக எங்கே போகிறேன் என இந்தியில் கேட்டாள்.

"காடி" என்றேன்.

"காடி? ஸ்டேஷன் உதர் ஹை" என்று எனக்குப் பின்னால் கை காட்டினாள். நான் தண்ணீர்ப் பக்கம் கை நீட்டியதும் வயிறு குலுங்கச் சிரித்து, அந்தச் சொல்லைத் தொண்டையிலிருந்து காற்றோடு சொல்லிக் காட்டி, "போல், போல்!" என்று என்னையும் சொல்லச் சொன்னாள். எனக்கு வரவில்லை.

படகின் மேல் உட்கார்ந்தேன். முதலில் என்ன பேசுவது என்று யோசித்து வைத்திருந்தேன். தண்ணீர் ஏறி, சேற்றை மூடி, படகின் அடியைத் தொட்டது. யாரும் வரவில்லை. வெயில் சுட ஆரம்பித்த பிறகு, பசியோடும் கோபத்தோடும் திரும்பினால் எதிர்வீடு திறந்து வெறுமையாகக் கிடந்தது.

"ஏட்டி, எங்க போன?" என்றாள் அம்மா. "அந்தப் பிள்ள காடிகிட்டயே நின்னு ஒன்னயத் தேடுனா. ஏறவே மாட்டேன்னுட்டா. அவ வாப்பா தூக்கில்லா உள்ள வச்சாரு."

சாமான் ஏற்றிக்கொண்டு மெயின் ரோட்டில் நின்ற டெம்போவைச் சொன்னாள். ரயிலோ டெம்போவோ, வண்டி எதுவானாலும் எங்களுக்கு அதுவும் "காடி". இந்தியில் உப்பங்கழிக்கும் வண்டிக்கும் வேறு வேறு ஒலி, வேறு வேறு எழுத்து. தமிழில் இருப்பது ஒரே "கா".

சீத்தா கேம்ப் ஒரு பஸ் தூரம்தான். ஆனால் முகவரி யாரிடமும் இல்லை. பத்து வயதுப் பெண்ணை பஸ்ஸில் கூட்டிப்போகவும் ஆள் இல்லை. பள்ளியில் என் பக்கத்து இடத்தில் அந்த ஆண்டு முழுவதும் பையை வைத்திருந்தேன். கேட்டவர்களிடம், ஆள் வருவாள் என்றேன்.

இன்று அந்த வழியே நடந்தால் தண்ணீர் தெரிவதில்லை. படகுகள் கிடந்த இடத்தில் சுவர் நிற்கிறது. மர மாடிகள் ஒவ்வொன்றாகக் கான்கிரீட் ஆகிவிட்டன. இதையெல்லாம் பத்திரிகையில் எழுதியிருக்கிறேன். சபீனாவைப் பற்றி எழுதியதில்லை.

போன மாதம் சீத்தா கேம்ப்பில் விசாரித்து விசாரித்து அவளுடைய தையல் கடையைக் கண்டுபிடித்தேன். சீட்டு, கோலிப் பெண், படகு, எல்லாவற்றையும் சொன்னேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டாள்.

"அப்பிடியா? எனக்கு ஞாபகமே இல்லயே" என்று சிரித்தாள். பிறகு, "டீ குடிக்கிறீங்களா?" என்றாள்.

"குடுங்க" என்றேன்.