பத்து ரூபாய்க்குப் போன படம்

"அம்மா, இது எம்புட்டுக்குப் போகும்?"

ஏழு வயது மகள் தான் வரைந்ததை என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கேட்கும் இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. நேற்று அவள் வரைந்தது மாடியில் படுத்திருக்கும் பூனை. "நல்லாருக்கு கண்ணு" என்றேன். அவள் நகரவில்லை. "நல்லாருக்குன்னா எம்புட்டு?"

தை மாதம் தேனிப் பக்கம் கம்பத்தில் என் நாத்தனார், கணவருடைய அக்கா, புது வீட்டுக்குப் பால் காய்ச்சினார். அவர்களுக்கு ஏலக்காய் வியாபாரம். மலைமேல் தோட்டமும் உண்டு. எங்கள் பக்கம் புது வீட்டைச் சுற்றிப் பார்க்கிறவர்கள் ஒவ்வொன்றையும் தொட்டு விலை கேட்பது ஒரு மரியாதை. கேட்காமல் போனால்தான் வீட்டுக்காரர்களுக்கு மனம் வாடும். கதவு எம்புட்டு, தரைக்கல் எம்புட்டு, தொங்குகிற விளக்கு எம்புட்டு. வந்தவர்கள் கேட்க, நாத்தனார் சொல்ல, என் மகள் அவர் விரலைப் பிடித்தபடி அறை அறையாக நடந்தாள்.

கூடத்துச் சுவர் முழுக்க ஓர் ஓவியம். ஏலத்தோட்டத்தில் பெண்கள் காய் எடுக்கிறார்கள். யாருக்கும் முகம் இல்லை. கொச்சியில் ஒரு கண்காட்சியில் வாங்கியது. பக்கத்திலேயே, அது அசல்தான் என்ற சான்றிதழுக்குத் தனிக் கண்ணாடிச் சட்டம், தனி விளக்கு.

"வரைஞ்சவுக கைப்படக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாக. இது மாதிரி உலகத்துலயே இன்னொண்ணு கெடையாது" என்றார் நாத்தனார். "ஒரு கார் வெலை."

"ஏத்தா, அதுக்குக் காரே வாங்கியிருக்கலாமே?" என்றார் தேவதானப்பட்டியிலிருந்து வந்திருந்த மாமா ஒருவர்.

"காருதான் வாசல்ல ரெண்டு நிக்கிதே மாமா. செவுருல்ல வெறிச்சுன்னு கெடந்துச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உண்மையைச் சொன்னால், நான் படத்தைவிடச் சான்றிதழைத்தான் அதிக நேரம் பார்த்தேன்.

பந்தி வேலைக்கு வந்திருந்த அக்கா ஒருவர் தண்ணீர்க் குடத்தோடு அங்கே நின்றார். தினமும் விடிவதற்குள் ஜீப்பில் கம்பம்மெட்டு மலை ஏறி, நாத்தனார் தோட்டத்தில் காய் எடுக்கிறவர். படத்தை உற்றுப் பார்த்தவர், "என்னக்கா, இவளுக நின்னுக்கிட்டு மேல பறிக்கிறாளுக? தேயிலை கிள்ளுற மாதிரியில்ல இருக்கு! ஏலம் அடித்தூர்லல்ல சரம் விடும்? நாங்க குத்தவச்சுல்ல எடுக்குறோம்" என்றார்.

ஏலக்காயில் வாழ்கிற ஊர். விலை கேட்ட இத்தனை பேரில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

"அதெல்லாம் பாக்கப்படாது. இது மாடர்ன் ஆர்ட்டு. நீ போயி எலையப் போடு" என்றார் நாத்தனார்.

சாப்பாடு முடிந்து நான் தேடியபோது மகள் சமையல்கட்டுப் பக்கம் தரையில் கவிழ்ந்து படுத்து வரைந்துகொண்டிருந்தாள். படத்தில் ஒரு பெண் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். செடியின் தூரில் பச்சைப் பச்சையாகக் காய்கள். முகம் இருந்தது; அந்த அக்காவின் மூக்குத்திகூட இருந்தது.

"ஆத்தாடி, நானா இது!" எட்டிப் பார்த்த அந்த அக்கா, கையைச் சேலையில் துடைத்துவிட்டுத்தான் தாளைத் தொட்டார். "எனக்கா கண்ணு?"

"எம்புட்டுக் குடுப்பீக?" என்றாள் என் மகள்.

அவர் முகம் ஒரு கணம் மாறியது. பிறகு சிரித்து, இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து பத்து ரூபாயை எடுத்து அவள் கையில் வைத்தார். படத்தை மடக்காமல் சுருட்டிப் பைக்குள் செருகிக்கொண்டார்.

"பொழைக்கத் தெரிஞ்ச புள்ள!" என்று நாத்தனார் கைதட்டினார். அந்த நிமிடமே நான் பணத்தைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. உறவினர்கள் முன்னால் மகளைக் கண்டிக்கத் தயங்கினேன் என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. ஆசிரியர் பயிற்சியில் குழந்தை மனம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதித் தேறியவள் நான்.

அதற்கு முன் அவள் பால்காரருக்கு அவர் வண்டியை வரைந்து கொடுப்பாள். காலண்டர் தாளின் பின்னால் எதையாவது வரைந்து பக்கத்து வீட்டுக் கதவிடுக்கில் செருகிவிட்டு ஓடிவருவாள். இப்போது யாருக்கும் கொடுப்பதில்லை. அந்தப் பத்து ரூபாய் அவள் ஓவிய நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. போன வாரம் டீச்சரின் சைக்கிளை அழகாக வரைந்து, பாதியில் கிழித்துப் போட்டாள். ஏன் என்று கேட்டேன். "இது போகாதும்மா."

நாத்தனார் இப்போது கோடை விடுமுறையில் தேனியில் மண்டபம் எடுத்து அவள் படங்களைக் கண்காட்சியாக வைக்கலாம் என்கிறார். "ரெண்டு நான் வாங்குறேன். மத்தத நம்ம சொந்தக்காரக போட்டி போட்டு வாங்குவாக, பாரு." ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொன்னால் அழைப்பிதழ் அடிக்கக் கொடுத்துவிடுவார். "அக்கா ஆசைப்பட்டுச் சொல்றாக. புள்ளைக்குத்தான பெருமை?" என்கிறார் கணவர். அவர் சொல்வதிலும் தப்பில்லை. நாளைக்கு இவள் ஓவியராகவே ஆனால் விற்றுத்தானே சாப்பிட வேண்டும்? வேண்டாம் என்றால், என் அச்சத்துக்காக அவள் வழியை அடைக்கிறேனோ? சரி என்றால், சைக்கிளைப்போல இன்னும் எத்தனையைக் கிழிப்பாள்?

மகளையும் கூட்டிக்கொண்டு கம்பம் போய், அந்த அக்காவிடம் பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுக்கலாமா என்றும் நினைக்கிறேன். காசு கொடுத்து வாங்கியதைச் சும்மா வாங்கியதாக்கிவிட்டால் அவருக்கு வருத்தமாகுமோ என்று உடனே தோன்றுகிறது.

உங்கள் வீட்டிலும் வரைகிற பிள்ளை இருக்கலாம். விற்றோ விற்காமலோ நீங்களே வரைகிறவராக இருக்கலாம். நான் என்ன செய்யட்டும்? ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் எனக்கு எழுதுங்கள்.