கழன்று விழாத கம்பி

பட்டறையில் அவரை எல்லோரும் 'அவசரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவசரம் என்றால் என்னவென்றே தெரியாத மனிதர் என்பதால் வைத்த பெயர். கடைசல் இயந்திரத்தில் ஒரு பித்தளைத் துண்டை மாட்டிவிட்டார் என்றால், அது சரியான அளவுக்கு வரும்வரை பக்கத்தில் இடி விழுந்தாலும் திரும்பிப் பார்க்கமாட்டார். "அவசரத்தைக் கூப்பிடுங்கப்பா, நிதானமா வரட்டும்" என்பார் முதலாளி. பட்டறை முழுக்கச் சிரிக்கும். அவரும் சிரிப்பார், மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகு.

மோட்டார் வண்டிகள் புதிதாக வந்திருந்த காலம் அது. வண்டி ஓடியது பாதி நாள், எங்கள் தெருப் பட்டறையில் படுத்துக் கிடந்தது பாதி நாள். வண்டிக்காரர்கள் பட்டறை வாசலிலேயே குடும்பம் நடத்தாத குறை.

அவசரத்துக்குத் தாய் தகப்பன் கிடையாது. வளர்த்து ஆளாக்கியது அக்கா. அக்காவுக்குக் கல்யாணம் ஆனபோது தம்பியும் சீர்வரிசையோடு சேர்ந்தே வந்துவிட்டான் என்று அக்காவின் கணவர் கேலி செய்வார். அந்த மாமா பயணிகள் பஸ் ஓட்டுபவர். அவருக்கு 'ஹாரன்' என்று பெயர். பஸ்ஸில் ரப்பர் உருண்டையைப் பிழிந்தால் கத்துகிற குழல் ஒன்று இருந்தது. அவர் தொண்டைக்கு முன்னால் அது எம்மாத்திரம்! தெருமுனையில் திரும்பும்போதே "தண்ணி சூடாச்சா?" என்று கேட்பார், அக்கா அடுப்படியிலிருந்தே "ஆச்சு" என்பாள். நடுவில் இருக்கிற வீட்டுக்காரர்கள் எல்லாம் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

வீட்டில் இரண்டே அறை. முன்னறையில் அக்காவின் தையல் இயந்திரம். சட்டைகளும் குழந்தைத் துணிகளும் தைத்துக் கொடுப்பாள். பின்னறையில் சமையல், சாப்பாடு, மாமாவின் பேச்சு.

"என்ன மச்சான், இன்னைக்கு ஒரு ஆணியாவது செஞ்சு முடிச்சியா?"

"பாதி முடிஞ்சிருக்கு மாமா."

"பரவாயில்ல. அவசரப்படாதே. நம்ம பேரப்பிள்ளைங்க காலத்துல மீதிய முடிச்சிக்கலாம்."

குழந்தை இல்லாத வீட்டில் பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறாரே என்று அக்கா முகம் திருப்பிக்கொள்வாள். அதைப் பார்த்ததும் அவரே பேச்சை மாற்றிவிடுவார். சத்தம் பெரிதே தவிர, மனசு பூ மாதிரி.

ஒரு மழைக்காலக் காலையில், ஊரை அடுத்த மேட்டுப்பாதையில் பஸ் பாதி ஏற்றத்தில் நின்றுபோனது. நிறைய பயணிகள். பிரேக் பிடித்து நிறுத்தியிருந்தாலும் வண்டி விரல் விரலாகப் பின்னால் நழுவியது. மாமா பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டு, எல்லோரையும் இறங்கச் சொல்லிக் கத்தியிருக்கிறார். கடைசி ஆளும் இறங்கியதும் கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கக் கட்டையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினார். அவர் குனிந்த நேரம் பார்த்துக் கைப்பிரேக் விட்டுக்கொடுத்தது. பஸ்ஸில் வந்த ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. அவர் மட்டும்தான் போய்விட்டார்.

வண்டியைத் திருப்பிக் கொண்டுவர அவசரம்தான் கிளம்பினார். வேண்டாம், வேறு ஆள் போகட்டும் என்று முதலாளி சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை.

இன்ஜினுக்குள் தீப்பொறி விழுந்தால்தான் வண்டி ஓடும். அந்தப் பொறிக்கு வேண்டிய மின்சாரம், சுருள் வைத்த ஒரு மரப்பெட்டியிலிருந்து தடித்த ரப்பர் கம்பி வழியாக வரும். பட்டறையில் அதைத் தாய்க் கம்பி என்பார்கள். அந்தக் கம்பியின் நுனியில் பித்தளை வளையம் ஒன்று. வளையத்தைப் பெட்டியின் முனையில் மாட்டி, மேலே கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு நட்டை விரலால் திருகி வைப்பார்கள். அவ்வளவுதான் பிடிப்பு. சாலைக் குலுக்கலில் அந்த நட்டு மெல்ல மெல்லக் கழலும். ஓட்டுநர்கள் போகிற வழியில் இரண்டு மூன்று தடவை இறங்கி அதைத் திருகிக்கொள்வது வழக்கம்.

அவசரம் மூடியைத் திறந்து பார்த்தபோது தாய்க் கம்பி தொங்கிக்கொண்டிருந்தது. நட்டு கீழே தகரத் தட்டில், எண்ணெயில் கிடந்தது. துடைத்து, வளையத்தை மாட்டி, விரலால் திருகினார். முன்னால் போய்க் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினார். இன்ஜின் உடனே பிடித்துக்கொண்டது. ஒன்றுமே நடக்காதது மாதிரி நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருந்தது. அவர் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். கூட வந்தவர்கள்தான் வண்டியை ஓட்டிவந்தார்கள்.

"வண்டிக்கு என்ன தம்பி ஆச்சு?" என்று அக்கா ஒரே ஒரு முறை கேட்டாள்.

"நின்னுடுச்சுக்கா."

"ம். நேரம் வந்துடுச்சு. யாரைச் சொல்லி என்ன?" என்றாள். அதற்குமேல் அவள் கேட்கவில்லை. தலையெழுத்து என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். பிறகு தையல் இயந்திரத்தை மிதிக்கத் தொடங்கினாள்.

அவசரத்துக்கு அந்த நட்டு கண்ணை விட்டுப் போகவில்லை. வேலை முடிந்த பிறகும் பட்டறையில் தங்கி, கழலாத ஒரு முனை செய்யப் பார்த்தார். நட்டுக்கு மேல் நட்டு வைத்தார். இரண்டும் சேர்ந்து கழன்றன. குறுக்கே ஊசி செருகினார். ஊசி தேய்ந்து விழுந்தது. "அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாதுன்னு சும்மாவா சொன்னாங்க" என்பார் முதலாளி. பக்கத்தில் வந்து பார்த்துவிட்டு, பித்தளையை வீணாக்குகிறாய் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் போவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா ஒரு குழந்தைச் சட்டைக்கு டிச் பட்டன் வைத்துக்கொண்டிருந்தாள். அழுத்தினால் 'டிச்' என்று மாட்டிக்கொள்ளும் தகரப் பொத்தான். எதிரே படுத்திருந்த அவசரம் திடீரென்று எழுந்து உட்கார்ந்தார்.

"அதைக் கொஞ்சம் குடுக்கா."

"எதை? சட்டையையா? உனக்குப் பத்தாது."

"பட்டனை."

மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். திருகவே தேவையில்லை. ஒன்றின் தலை குண்டு, கழுத்து சிறுத்தது. மற்றதற்குள் இருக்கிற கம்பி அந்தக் கழுத்தைக் கவ்விக்கொள்கிறது.

"எதுக்குடா இது?"

"பட்டறை வேலைக்குக்கா."

அதன் பிறகு அக்காவும் சேர்ந்துகொண்டாள். மாமா போன பிறகு அவள் முகத்தில் களை தெரிந்தது அந்த மாதங்களில்தான். இன்ஜினில் எது என்ன என்று அவளுக்குத் தெரியாது, ஆனால் மாட்டுவது, கழற்றுவது, பிடிப்பது எல்லாம் அவளுக்கு விரலிலேயே தெரியும். "வாய் ரொம்ப இறுக்கமா இருக்கு, ரெண்டு நாள்ல தேஞ்சிடும்" என்பாள். "அந்த வாய நாலாப் பிளந்து பாரேன், பூ விரியற மாதிரி விரிஞ்சு குடுக்கும்" என்பாள். எஃகு மழை ஈரத்தில் துருப்பிடித்தது. அவசரம் வெண்கலத்துக்கு மாறினார். மேலே மழைநீர் படாமல் இருக்க ரப்பர் குல்லாய் ஒன்று வேண்டியிருந்தது. அதன் வடிவத்தைக் காகிதத்தில் வெட்டிக் கொடுத்தது அக்காதான். "பச்சைப் பிள்ளைக்குக் குல்லாய் தைக்கிறதுதானே, இதுல என்ன வித்தை" என்றாள்.

கடைசியில் கல் ஏற்றும் லாரி ஒன்றில் அதைப் பொருத்தினார்கள். கல்குவாரிப் பாதையில் ஓடி ஓடி அந்த லாரியின் முன்விளக்கே கழன்று விழுந்தது. தாய்க் கம்பி மட்டும் அசையவில்லை.

அன்று மாலை அவசரம் முதன்முறையாக அவசரமாக வீட்டுக்கு வந்தார். முனை பொருத்திய ஒரு பழைய சுருள்பெட்டியை அக்காவின் தையல் பலகைமேல் வைத்தார்.

"இழுத்துப் பாருக்கா."

அவள் சிரித்துக்கொண்டே இழுத்தாள். வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். பெட்டிதான் கூடவே நகர்ந்தது.

"நேரா, ஒரே பிடியா இழுத்தாத்தான் வரும். எவ்வளவு குலுங்கினாலும் வராது" என்றார். சொல்லி நிறுத்தியிருக்கலாம். மனசு நிறைந்திருந்த வேகத்தில் வாயை விட்டுவிட்டார். "இது அன்னைக்கு இருந்திருந்தா மாமா வண்டி நின்னிருக்காதுக்கா. அந்த நட்டு கழண்டுதான்…"

அக்கா கம்பியைக் கையில் பிடித்தபடியே இருந்தாள்.

"எந்த நட்டு?"

அவர் சொன்னார். தகரத் தட்டு, எண்ணெய், ஒரே சுற்றில் பிடித்த இன்ஜின், எல்லாவற்றையும். பாதியில் நிறுத்த அவருக்குத் தெரியவில்லை.

"இத்துனூண்டா?" என்று கேட்டாள் அக்கா. கட்டைவிரல் நகத்தைக் காட்டிக் கேட்டாள். "இத்துனூண்டுக்கா போனாரு?"

"அக்கா…"

"நான் விதின்னு நெனச்சிட்டிருந்தேன்டா. ஏதோ பெருசா, மலை மாதிரி, யாராலயும் தடுக்க முடியாததுன்னு நெனச்சிட்டிருந்தேன். அதைப் பிடிச்சிட்டுத்தான் இத்தனை நாள் உட்கார்ந்திருந்தேன். நீ அதையும் புடுங்கிட்ட. ஒரு சட்டைப் பட்டன். என் மடியில கிடந்த பட்டன்!" 

மாமா போனபோது அழாத அழுகையெல்லாம் அன்று மாலை அழுதாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடிவந்தார்கள். யாருக்கும் எதுவும் புரியவில்லை. போனவர் போய் இத்தனை காலத்துக்குப் பிறகு இப்போது என்ன என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சில நாள் கழித்து, தையல் இயந்திரத்தை ஒரு தள்ளுவண்டியில் ஏற்றினாள். நாலு தெரு தள்ளி, ஒரு துணிக்கடை மாடியில் அறை பார்த்திருந்தாள்.

"நீ தப்பு ஒண்ணும் பண்ணல தம்பி. நல்லதுதான் பண்ணே. ஆனா உன் கையப் பார்த்தா எனக்கு அந்த நட்டுதான் தெரியுது. கொஞ்ச நாள் தனியா இருந்துட்டுப் போறேன், விடு."

அவர் தள்ளுவண்டியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு அவளோடு அந்த மாடிப்படி வரை போனார். இயந்திரத்தைத் தூக்கி வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். வழியில் யாரோ கூப்பிட்டது அவர் காதில் விழவில்லை.

ஊரில் ஓடிய பஸ்கள் எல்லாவற்றிலும் அந்த முனையைப் பொருத்தினார்கள். ஓட்டுநர்கள் அதற்குக் 'கவ்வி' என்று பெயர் வைத்தார்கள். வழியில் நின்ற வண்டி என்ற பேச்சே குறைந்தது. முதலாளிக்கு அதை முறையாகப் பதிவு செய்துவிட வேண்டும் என்று ஆசை. வக்கீலைப் பார்த்துவிட்டு, தொங்கிய முகத்தோடு வந்தார்.

"ஏம்ப்பா, கடல் தாண்டி எங்கேயோ ஒருத்தன் இதே மாதிரி ஒண்ண முன்னாடியே பதிஞ்சு வச்சிருக்கானாம். கொஞ்ச நாள்ல பெட்டி பெட்டியா இங்கேயும் வந்து இறங்குமாம். கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலியே."

அவசரம் கையிலிருந்த எண்ணெயைத் துடைத்தார். பிறகு, பட்டறையில் சேர்ந்த நாளாக முதல்முறையாக, வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு வெளியே போனார். நேராகத் துணிக்கடை மாடிக்கு.

அக்கா கதவைத் திறந்து வழிவிட்டாள். அவர் நடந்ததைச் சொன்னார்.

"போகட்டும் விடு. உழைப்பு வீணாப் போச்சேன்னு வருத்தமா?" என்று கேட்டாள்.

"அதில்லக்கா. முன்னாடியே ஒருத்தர் உட்கார்ந்து செஞ்சிருக்காரே. அவர் வீட்ல யார் போனாங்களோ."

அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். அதுவரை தன் துக்கத்தைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் தெரியாமல் இருந்தது. தம்பியும் மாமாவைப் பறிகொடுத்தவன்தான் என்பதே அப்போதுதான் அவளுக்கு உறைத்தது மாதிரி இருந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஒரு தட்டில் சோறு போட்டு அவர் முன்னால் வைத்தாள்.

"அன்னைக்கு நடந்ததை முழுசாச் சொல்லு. எதையும் விடாம."

அவர் அந்தப் பயணிகளிடம் கேட்டு வைத்திருந்ததை எல்லாம் சொன்னார்.

"எல்லாரையும் இறக்கிட்டுத்தான் இறங்கினாரா?"

"ஆமாக்கா. கடைசியா ஒரு கைக்குழந்தைக்காரி. மூட்டைய எடுக்கணும்னு திரும்பி ஏறப் பார்த்திருக்கா. மாமா போட்ட சத்தத்துல குழந்தையே அழுதுடுச்சாம்."

"போட்டிருப்பாரு. அந்தத் தொண்டை லேசா?" அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள்.

அவள் அந்த வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. அவரும் கூப்பிடவில்லை. ஆனால் ஞாயிறுதோறும் மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் மாடிக்குப் போய்விடுவார். அவள் தைப்பாள், அவர் பட்டன் துளைகளுக்குக் காஜா எடுத்துக் கொடுப்பார். பட்டன் வைக்கிற வேலையை மட்டும் அவள் அவர் இருக்கும்போது செய்யமாட்டாள். பெட்டி பெட்டியாக வந்திறங்கிய முனைகள் கடைத்தெருவில் கிடைக்கத் தொடங்கின. பளபளப்பாக இருந்தன. கவ்வியை யாரும் கேட்கவில்லை. அவர் பழையபடி மற்ற உருப்படிகளைக் கடைந்துகொண்டிருந்தார்.

அக்கா பல வருஷம் கழித்து, ஒரு காய்ச்சலில் படுத்து, எழுந்திருக்காமலே போனாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் முதலாளியிடம் பட்டறைச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொள்வார். ஏதோ மிச்ச வேலை போலிருக்கிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்கவே இல்லை. முதலாளி ஒருநாள் எட்டிப் பார்த்தாராம். அவசரம் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து எதிரே வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாராம்.