மழைக்கு மூன்று ஆமென்

பன்னிரண்டு நாள். ரொறன்ரோவில் ஒரு குளிர்பதனக் களஞ்சியத்தில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிற பாஸ்டர் யோசுவா குகதாசனுக்கு வருடத்தில் சேர்ந்தாற்போல் கிடைக்கும் விடுமுறை அவ்வளவுதான். போக வர மூன்று நாள் ஆகாயத்திலேயே கழிந்துவிடும். மிச்ச நாள்களில் வன்னியை இரட்சித்துவிட்டுத் திங்கட்கிழமை இரவு வேலைக்குத் திரும்பிவிடுவார்.

கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வரும் வான் புளியங்குளச் சந்தியை நெருங்கியதும், "தம்பி, கொஞ்சம் ஓரமா நிப்பாட்டும்" என்பார். ஆறாவது வருடமாக அதே இடம். இறங்கி, கைபேசியைக் கோலில் மாட்டி உயர்த்தி, தனக்கேற்ற பக்கத்தைத் தேடி ஒரு சுற்றுச் சுற்றுவார். சந்தியில் புதிதாக எழும்பிய மாடிக் கடை படத்தில் விழாது. அதன் வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிள்களும் அப்படியே. எதிர்ப்பக்கத்துப் பற்றைக் காட்டைப் பின்னால் வைத்துக்கொண்டு, "அன்பானவர்களே, வனாந்தரத்துக்குள்ள வந்திட்டன்" என்று கண் கலங்குவார். கலக்கம் பொய் என்று சொல்ல முடியாது. கைபேசியை அணைத்ததும் உலர்ந்துவிடும், அவ்வளவுதான். பிறகு அந்த மாடிக் கடைக்குள் போய்க் குளிர்ந்த சோடா ஒன்று வாங்கிக் குடித்துவிட்டு வானில் ஏறுவார்.

வயது ஐம்பத்துநான்கு. யாழ்ப்பாண நகரத்தில் புடவைக்கடை வைத்திருந்தவரின் மகன். மீசை அரும்பிய வயதிலேயே கனடா போனவர். வயல் வரம்பில் நடந்து பழகாத கால். அங்கே அவருடைய சபை, ஒரு பாடசாலை மண்டபத்தை ஞாயிறு மாலையில் மட்டும் வாடகைக்கு எடுத்து நடக்கிறது. முப்பது பேர் வருவார்கள். ஆராதனை முடிந்ததும் அவர்கள் காரில் ஏறிப் போய்விட, கதிரைகளை அடுக்குவது பாஸ்டர்தான். களஞ்சியத்தில் அவரை அதட்டுகிற மேற்பார்வையாளனுக்கு அவருடைய மகனின் வயது. வன்னியில் அவர் ஊழியத்துக்கு வரும் தர்மபுரத்திலோ அவர் வானை விட்டு ஒரு காலைக் கீழே வைத்தால் ஒரு கொட்டகை நிறைந்த சனம் எழுந்து நிற்கிறது. விடுமுறையை அவர் வேறு எங்கே கழிப்பார்?

பெப்ரவரி வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, கறுப்புக் கோட்டுப் போட்டுத்தான் பிரசங்கிப்பார். அந்தச் சபையை வருடம் முழுதும் நடத்துகிற உள்ளூர்ப் பாஸ்டர் செல்வராசா சாரமும் சட்டையுமாகத் திரிகிற மனிதர். ஒருநாள் துணிந்து, "அண்ணை, கோட்டைக் கழட்டிப்போட்டுப் பேசுங்கோவன். வேர்த்து ஊத்துது" என்றார்.

"வேர்த்தா வேர்க்கட்டும். படத்தில கோட்டோட நிண்டாத்தான் ஊழியம் மாதிரி இருக்கும்" என்றார் குகதாசன்.

அதற்கு மேல் செல்வராசா வாயைத் திறப்பதில்லை. வெடித்துப்போன தகரத்தை மாற்றிக் கூரை போட்டுத் தருவதாகக் கனடாச் சபை சொல்லியிருக்கிறது.

குகதாசன் படத்துக்கு மிகுந்த பக்தி உள்ளவர். ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் வெள்ளைச் சப்பாத்தும் காலுறையுமாக வரிசையில் நின்றால் அவருடைய முகம் வாடும். "பிள்ளையள், சப்பாத்தைக் கழட்டி அங்கால வச்சிட்டு வந்து நில்லுங்கோ. வடிவா இருக்கும்" என்பார். தாய்மார் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். முதல்நாள் பின்னேரம் இருந்து வெண்கட்டி பூசிக் காயவைத்த சப்பாத்துகள் அவை.

அவர் காவிக்கொண்டு வரும் இரண்டு பெரிய பெட்டிகளிலும் கம்பளித் தொப்பிகளும் கையுறைகளும் அடைந்திருக்கும். முப்பத்துநாலு பாகை வெயிலில் அவற்றைப் பிள்ளைகளின் தலையில் மாட்டிவிடுவார். அந்தத் தொப்பிகளால் இப்போது பல வீடுகளில் அடுப்பிலிருந்து சட்டி இறக்குகிறார்கள். ஒரு வருடம் பெட்டியின் அடியில் அவருடைய மனைவி சொல்லாமல் வைத்துவிட்ட வாசிப்புக் கண்ணாடிகள் சில கிடந்தன. அவற்றைக் கொடுக்க அவருக்கே வெட்கம். மலையகத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய வீரம்மா ஒன்றை எடுத்து மாட்டி, சுளகிலிருந்த அரிசியைக் குனிந்து பார்த்து, "அட, இம்புட்டுக் கல்லா தின்னுக்கிட்டு இருந்தோம்!" என்றார். கொட்டகை முழுவதும் சிரித்தது. ஆறு வருட ஊழியத்தில் ஆருக்காவது உருப்படியாகப் பயன்பட்ட பொருள் அது ஒன்றுதான். அதைப் பாஸ்டர் படம் பிடிக்கவில்லை.

இவை எல்லாவற்றையும்விட ஊருக்கு நன்றாகத் தெரிந்தது அவருடைய "காணும்", அதாவது போதும். ஜெப விண்ணப்பத்தோடு வருகிற எவரையும் அவர் ஒரு வசனம் முடிக்க விட்டதில்லை. "பாஸ்டர், எனக்கு இந்த முழங்கால்..." என்று தொடங்கினால், "காணும், காணும். ஆண்டவருக்கு விளங்கும்" என்று கண்ணை மூடிவிடுவார். முழங்காலில் வலியா, முழங்காலில் நின்று ஜெபிக்க மனம் வரவில்லையா என்பது ஆண்டவர்பாடு. போன வருடம் வெளிநாட்டு மாப்பிள்ளை வேண்டாமென்று சொல்ல வந்த ஒரு பெண்ணுக்கு, விசா சீக்கிரம் கிடைக்க ஜெபித்து அனுப்பினார்.

இந்த வருடம் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் வீரம்மாவின் மருமகள் நிரோஜா முன்னால் வந்தாள். நிரோஜாவும் கணவன் சுதாகரனும் இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்துக் காலபோக நெல் விதைத்திருந்தார்கள். நெல் முற்றிக் கதிர் தலை சாய்த்து நின்றது. அந்த வயல்தான் வீட்டில் ஐந்து பேருக்கு ஆண்டு முழுதும் சோறு. வியாழக்கிழமை அறுவடைக்கு வெட்டு மெசின் வருவதாக முறை. நிலம் இறுகி, மெசின் புதையாமல் ஓட வேண்டுமென்பதற்காக வாய்க்கால் தண்ணீரை மறித்திருந்தார்கள். தர்மபுரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். ஆனால் வங்கக்கடலில் தாழமுக்கம், மழை வரும் என்று வானொலி ஞாயிற்றுக்கிழமையே சொல்லத் தொடங்கியிருந்தது. வெட்டி முடியும்வரை மழை பிடிக்கக்கூடாது என்று கேட்கத்தான் நிரோஜா வந்தாள்.

"பாஸ்டர், எங்கட வயல்... வாய்க்கால் தண்ணி நிப்பாட்டிப் பத்து நாளாச்சு. நிலம் வெடிச்சுப்போய்க் கிடக்கு. இப்ப என்னெண்டா..."

"காணும் பிள்ளை, காணும். ஆண்டவருக்கு விளங்கும்."

அவருடைய கை நிரோஜாவின் தலையில் இறங்கியது. கண்கள் மூடின. வரும் வழியில் வான் கண்ணாடி வழியே அவரும் அந்தக் காய்ந்த வாய்க்காலைப் பார்த்திருந்தார். நெஞ்சு உருகியிருந்தார்.

"ஆண்டவரே, இந்த வறண்ட பூமியைப் பாரும்!"

"ஆமென்" என்றது சபை. பாஸ்டர் ஒரு வசனம் சொன்னால் சபை ஒரு ஆமென் சொல்லவேண்டும் என்பது அங்கே வழக்கம்.

"இந்த ஏழைப் பிள்ளையின் கண்ணீரைப் பாரும்!"

"ஆமென்."

"வானத்தைத் திறந்து, இந்த வயல்வெளியெங்கும் பெருமழையை அனுப்பும் ராசா!"

கொட்டகை கல்லாய்ச் சமைந்தது. தகரம் வெயிலில் வெடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அங்கே இருந்தவர்களில் பாதிப் பேருடைய நெல் வெட்டாமல் நின்றது.

"ஏன்டி புள்ள, இந்த மனுசன் என்னத்தக் கேக்குறாரு?" என்றார் வீரம்மா, பக்கத்தில் இருந்தவளிடம்.

பாஸ்டர் ஒரு கண்ணைத் திறந்தார். "ஆமென் எங்க? விசுவாசம் இல்லையோ இந்தச் சபையில? பெருமழையை அனுப்பும் ராசா!"

செல்வராசா கூரையைப் பார்த்தார். பிறகு, "ஆமென்" என்றார், தனியாக.

"காணாது! எல்லாரும்! பெருமழையை அனுப்பும்!"

செல்வராசாவின் முகத்துக்காக நாலைந்து பேர் சொன்னார்கள். மூன்றாவது ஆமெனுக்குப் பாஸ்டர் நிரோஜாவின் தலையை அழுத்தி, அவளுடைய முகத்துக்கு நேரே, "நீர் சொல்லும் பிள்ளை! உம்மட வயல்!" என்று முழங்கியபோது, அவளும் சொன்னாள். அவள் சொன்னபிறகு சபை முழுவதும் சொன்னது. கோட்டு நனைய நனைய பாஸ்டர் கைக்குட்டையை எடுத்து முகம் துடைத்தார். நல்ல கூட்டம் என்று அவருக்குப் பட்டது.

புதன் பின்னேரம் மழை தொடங்கி வியாழன் விடியும்வரை விடவில்லை. செல்வராசா வீட்டு விறாந்தையில் நின்ற குகதாசன் முதல் துளியைக் கண்டதும் முற்றத்தில் பாய்ந்தார். கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு இரண்டு கையையும் விரித்தபடி நனைந்தார். ரொறன்ரோவுக்கு அழைத்து, "கேட்டது செவ்வாய், தந்தது புதன்! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்று மனைவியிடம் கத்தினார். செல்வராசா ஒழுகுகிற இடங்களில் வாளி வைத்துக்கொண்டு நடந்தார்.

காலையில் குகதாசன் செல்வராசாவையும் கூட்டிக்கொண்டு நிரோஜாவின் வயலுக்குச் சாட்சிப் படம் எடுக்கப் புறப்பட்டார். வரம்பு வழுக்கிய இடத்தில் பாஸ்டரின் ஒரு கால் முழங்கால்வரை புதைய, சுதாகரன் வந்து கமக்கட்டில் கைகொடுத்துத் தூக்கிவிட்டான். மற்றக் கையில் கைபேசி பத்திரமாக இருந்தது. நிரோஜா வயலோரத்தில் நின்றாள். அவளை இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்தி, கோலை உயர்த்தினார்.

"சொல்லும் பிள்ளை. ஆண்டவர் உம்மட வயலுக்கு என்ன செய்தவர்?"

"சொல்லுறன். முழுக்கச் சொல்ல விடுவீங்களோ?"

"ஓம், ஓம். தாராளமாச் சொல்லும்."

"அந்தா பாருங்கோ. நெல்லு முழுக்கப் படுத்திட்டுது. இண்டைக்கு வெட்டியிருக்க வேணும். இனி இதுக்குள்ள மெசின் இறங்காது. ரெண்டு நாள் இப்பிடியே தண்ணிக்குள்ள கிடந்தா கதிரிலயே முளைச்சிடும். அண்டைக்கு நான் கேக்க வந்தது, வெட்டி முடியுமட்டும் மழை வரக்கூடாதெண்டு. நீங்கள் காணும் எண்டிட்டியள். மழை உங்களால வந்ததெண்டு நான் சொல்லேல்லை, ரேடியோவில ஞாயிறே சொன்னவங்கள். ஆனா தலையில கையை வச்சு, என்ர வாயாலயே ஆமென் சொல்ல வச்சனீங்களே பாஸ்டர். அதை நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

பாஸ்டரின் உதட்டில் பழக்கதோஷத்தில் ஒரு "அல்லே" புறப்பட்டுப் பாதியில் நின்றது. இவ்வளவு நீளமாக ஒருவர் பேசி அவர் கேட்டது வன்னியில் அதுதான் முதல் தடவை. படுத்த நெல்லை அப்போதுதான் பார்த்தார்.

பின்னால் வந்துகொண்டிருந்த வீரம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டார். "ஊருக்கெல்லாம் கண்ணாடி குடுத்தீங்களே ஐயா, நீங்களும் ஒண்ணு மாட்டிக்கிட்டு வயலுக்கு வந்திருக்கக் கூடாதா?"

சுதாகரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். நிரோஜா சிரிக்கவில்லை.

வயலிலிருந்து நேரே கிளிநொச்சிக்குப் புறப்பட்ட வானில் செல்வராசாவும் ஏறினார். பிறகு குகதாசன், "செல்வராசா, நீராவது அண்டைக்கே சொல்லியிருக்கலாமே?" என்றார்.

"நீங்கள் என்னட்டக் கேட்டது ஆமென் மட்டும்தானே அண்ணை."

குகதாசன் சேறு பிடித்த சப்பாத்தைப் பார்த்தபடி இருந்தார். வேலிகளும் வெள்ளம் நின்ற வயல்களும் கடந்து போயின. கிளிநொச்சியில் பிரதான வீதிக்கு ஏறி, அலைவரிசை நன்றாகக் கிடைத்ததும் கைபேசியை எடுத்தார். காலையில் பிடித்ததை இரண்டு தரம் ஓட்டிப் பார்த்தார். நனைந்த சேலையில், பின்னால் தண்ணீர் பளபளக்க, கண்கள் நிறைந்து நிரோஜா பேசுகிறாள். ஆறு வருடத்தில் இப்படி ஒரு படம் அவருக்கு அமைந்ததில்லை.

பெருவிரலால் ஒலியை அணைத்தார். கீபோட் இசை ஒன்றைத் தேடி எடுத்து அதன் மேல் ஏற்றினார். பெருமழைக்கு நன்றிக் கண்ணீர் என்று கீழே வசனங்களை எழுதி முடித்து, கனடாச் சபைக்கு அனுப்பிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு இருக்கையில் சாய்ந்தார்.

வெட்டு மெசின் உருத்திரபுரத்துப் பக்கம் போய்விட்டது. வெள்ளிக்கிழமை காலை நிரோஜாவும் சுதாகரனும் அரிவாளோடு வயலில் இறங்கினார்கள்.