வியர்த்து ஒழுகிய பவளப்பாறை

இலங்கையில் மழை ஓயாத ஊரான கித்துல்கலவில், ஒரு ஹோட்டலில் கல்யாணம். கேக் செய்தது நான். மணப்பெண் ஆசைப்பட்டுக் கேட்டது கடற்கரைக் கேக். அதற்காகச் சீனியைக் காய்ச்சிப் பவளப்பாறைகள் செய்தேன். மழை ஈரத்தில் இளகிவிடுமென்று பயந்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். இருபது வருட அனுபவசாலியின் புத்தி. வெளியே எடுத்ததும் அத்தனையும் வியர்த்து ஒழுகின. அவற்றைவிட அதிகமாக நான். மேசைக்கடியில் ஒளியப் பார்த்தேன், தொப்பை விடவில்லை.

அப்போது பெண்ணின் பெரியம்மா, ஒரு சிங்கள அம்மா, விருந்துக்கென்று தான் பொரித்த ஆஸ்மி நிறைந்த தட்டோடு வந்தார். அரிசிமாவை நூல்நூலாக எண்ணெயில் விட்டுச் செய்கிற பலகாரம். என் முகத்தைப் பார்த்தவர், அதை உடைத்துக் கேக்கில் செருகத் தொடங்கினார்.

"பயப்படாதீங்க தம்பி, இது கரையாது."

உண்மையாகவே பவளம் பூத்தது. "யாரு செஞ்சது?" என்று வந்து பார்த்த மணப்பெண் பூரித்தாள்.

"இந்தத் தம்பிதான்." என்றார் பெரியம்மா.

நானும் தலையாட்டிவிட்டேன்.