ரத்னாபாய் டீச்சரின் பசலைப் பாடம்

பசலை என்ற சொல் பாடத்தில் வந்ததும் ரத்னாபாய் டீச்சர் சுடிதார்க் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிக்கொள்வார். மாநிறத் தோலில் வெள்ளைத் திட்டுகள் விரல்களிலிருந்து ஏறிப் பரவியிருக்கும். இடது கண்ணைச் சுற்றியும் பெரிதாக ஒன்று.

"பாத்துக்கிடுங்க பிள்ளையளே. இது தோல் நோய், ஒட்டாது. பாட்டுல வாறது பிரிவு நோய். ரெண்டும் வேற. ஊரு பாக்குற பார்வைதான் ஒண்ணு."

கிழக்கேகோட்டையில் எங்கள் பயிற்சி மையத்தில் அவருக்குத் தமிழ், எனக்கு வரலாறு. சுவர் மெல்லியது, அவர் குரல் என் வகுப்புக்கும் கேட்கும். காதல் பாட்டு முழுக்கக் கண்ணும் கூந்தலும்தானே என்று ஒரு மாணவி கேட்டாள்.

"உண்டு, இல்லேன்னு சொல்லல்ல. அவன் போனப்பொறவு அந்த அழகெல்லாம் போயிருதில்லா? வளை கழலுது, நெறம் மங்குது. பின்னெயும் அவன் வாறானா, அதாக்கும் பாட்டு. எதெ வச்சு வாறான்? மனசெ வச்சு."

பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் அவரைப் பார்த்து எழுந்து போனால், அந்த இடத்தில் பையை வைத்துக்கொண்டு வசதியாக உட்காருவார். "பையெ எடுக்கலாமா?" என்று கேட்டு ஒருநாள் ஒருவர் அங்கே உட்கார்ந்தார். பாறசாலைக்காரர் யோசுவா, பணிமனையில் மெக்கானிக். நாற்பத்திரண்டு வயதில் டீச்சருக்குக் கல்யாணம் நிச்சயமானது.

யோசுவாவின் தங்கை அஜிதா மையத்துக்கே வந்தாள்.

"மைனி, தப்பாட்டு ஒண்ணும் தோணப்படாது. முகத்துக்கும் கைக்கும் மேக்கப் போட்டா ஒருத்தரும் அறியமாட்டாவ. சர்ச்சில ஆளு கூடுமில்லா."

"ஒனக்க அண்ணன் சொன்னாரா?"

"இல்ல... ஆளுவ சொல்லுமே."

"சொல்லட்டு."

ஆனாலும் அன்று அவர் குரல் சுவரைத் தாண்டி வரவில்லை. மாலையில் அழைத்துப்போக வந்த யோசுவாவை மாடிப்படியிலேயே நிறுத்திக் கேட்டார்: "ஒங்களுக்கும் இதெ மறைக்கணுமா?"

யோசுவா கைகளை விரித்துக் காட்டினார். "எனக்க நகத்துல கரி போவாது. நீங்க என்னைக்காவது கேட்டியளா? பின்னெ நான் எதுக்குக் கேக்கணும்?"

டீச்சர் சிரித்துவிட்டார். கண் நிறைந்திருந்தது.

கல்யாணத்தன்று கரமனைப் பக்கத்து ஆலயத்துக்கு வெள்ளைச் சேலையில், எந்தப் பூச்சும் இல்லாமல் வந்தார். பின்வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. அவர் திரும்பிப் பார்த்தார், அடங்கியது.

படமெடுக்க வந்த ரதீஷ் மரியாதையாகத்தான் சொன்னார்: "சேச்சி, முகத்தெ கொஞ்சம் அங்கோட்டு சரிச்சா அந்த இடப்பக்கம் நிழல்ல போவும்."

ரத்னாபாய் மணமகனின் கையை விட்டுவிட்டு நடந்துபோய், ஓரத்தில் நின்ற பெரிய விளக்கை இரண்டு கைகளாலும் பிடித்து, தன் இடப்பக்கத்துக்கு இழுத்து வைத்தார்.