செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம்

புத்தலப்பட்டு கங்கம்மா வாயைத் திறந்தால் ஓடுகிற பஸ்ஸே நின்றுவிடும் என்பார்கள். அப்பேர்ப்பட்டவள், வயிற்றில் வந்த கட்டியைப் பற்றி மட்டும் யாரிடமும் மூச்சுவிடவில்லை. எல்லாம் மகனுக்காகத்தான்.

மகன் தமிழ்செல்வன் சர்க்கார் உதவிப்பணத்தில் அமெரிக்காவுக்கு ஆராய்ச்சிப் படிப்புக்குப் போனவன். அங்கே கம்ப்யூட்டர் வேலையில் இருந்த கல்பனாவைக் கட்டிக்கொண்டான், ரூபா பிறந்தாள். ஆனால் அவன் போன விசாவில் ஒரு கண்டிஷன் இருந்தது. படிப்பு முடிந்ததும் சொந்த நாட்டில் இரண்டு வருஷம் இருந்து காட்டினால்தான் மறுபடி அங்கே வேலைக்குப் போகலாம். பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு வந்து, சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ் கம்பெனியில் சேர்ந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் பூத்தில் ரூபா, "நீ யாரு?" என்று கேட்டாளாம். வீட்டுக்கு வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். கங்கம்மாவுக்கு ஈரக்குலையே அறுந்தது.

"இங்க இல்லாத நாளு எதுவும் கணக்குல சேராதும்மா" என்று அவன் சொல்லியிருந்தான்.

இங்கே என்றால் எதுவரைக்கும்? அதை அவள் யாரையும் கேட்கவில்லை. பட்டவளுக்கு யார் சொல்ல வேண்டும்? இன்டர், அதாவது பிளஸ் டூ, முடித்த மகனை வேலூர் காலேஜுக்கு அழைத்துப் போனபோது, ஆந்திராவில் வாங்கிய சாதி சர்டிபிகேட் தமிழ்நாட்டில் செல்லாது என்று திருப்பி அனுப்பினார்கள். வீட்டில் பேசுவது தமிழ், வேலூரோ கூப்பிடு தூரம், ஆனாலும் செல்லாதாம்! அப்புறம் திருப்பதியில்தான் படித்தான். மாநில எல்லையில் இருக்கிற செக்போஸ்ட்டைத் தாண்டினால் நம் கணக்கு எதுவும் செல்லாது என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா?

அதனால்தான் வேலூரில் சிநேகிதன் கல்யாணத்துக்குக் கிளம்பியவனை, "வயித்த வலிக்குதுடா" என்று பொய்யாகப் புரண்டு நிறுத்தினாள். பாவி, அந்தப் பொய் பலித்துத் தொலைத்தது. நிஜ வலி வந்தபோது வாயை மூடிக்கொண்டாள். சாமி பார்க்கப் போவதாகச் சொல்லித் திருப்பதி போய் ஒரு டாக்டரிடம் காட்டினாள். "வயித்துல கட்டி இருக்குது, வேலூர் பெரியாஸ்பத்திரிக்குப் போயிடும்மா, தள்ளிப்போடாத" என்றார் அவர்.

போனால் ஒற்றைப் பிள்ளை கூட வராமல் இருப்பானா? வாரக்கணக்கில் அங்கேயே கிடப்பான். இரண்டு வருஷமும் வீண். கல்பனா எத்தனை நாள் தனியாகக் கிடப்பாள்? குழந்தை அப்பனையே மறந்துபோகும். அவன் விமானம் ஏறட்டும், அப்புறம் பார்த்துக்கலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கெடு முடிய இரண்டே மாதம் இருந்தது. சோற்றுப் பானையை இறக்கப் போனவள் அப்படியே சரிந்தாள். தமிழ்செல்வன் வாடகைக் காரில் அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வேலூருக்கு விரட்டச் சொன்னான். முன் சீட்டில் அவன் அப்பா ரங்கன் உட்கார்ந்திருந்தார். காட்பாடிக்கு முன்னால் செக்போஸ்ட் கண்ணில் பட்டதும் கங்கம்மா எழுந்து டிரைவரின் சட்டையைப் பிடித்தாள்.

"நிறுத்துப்பா! செல்வா, நீ எறங்கிக்கடா. உங்க நைனா இட்டுக்கினு போவாரு. இன்னும் ரெண்டு மாசந்தானே, கெடுத்துக்காத."

"என்னம்மா ஒளர்ற?"

மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னாள். திருப்பதி டாக்டர் சொன்னதையும்தான். அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஐயோ, வேலூரும் இந்தியாதாம்மா!"

"அப்ப உன் சர்டிபிகேட்ட எதுக்குடா செல்லாதுன்னாங்க?"

அவன் டிரைவரின் சட்டையிலிருந்து அவள் கையை விடுவித்து, "நீ ஓட்டுப்பா" என்றான்.

வேலூரில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, முன்னாலேயே வந்திருந்தால் கட்டியை எடுத்திருக்கலாம், இப்போது எல்லா இடத்திலும் பரவிவிட்டது, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றார்கள்.

திரும்பும்போது அதே செக்போஸ்ட்டில் காரை ஒருவரும் நிறுத்தவில்லை. மகன் மடியில் தலை வைத்திருந்த கங்கம்மா அது பின்னால் போவதைப் பார்த்தாள்.

"அப்ப நான் பொறுத்துக்கினு கெடந்ததெல்லாம் சும்மாவாடா?"